சூடு பார்க்கப் பழகுகிறவர்களுக்கு

ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டு நூற்பாலைகளின் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸுக்கு வருகிற தம்பி தங்கைகள் கையில் இப்போதெல்லாம் முதல் வாரமே ஒரு டெம்பரேச்சர் கன்னைக் கொடுத்துவிடுகிறார்கள். பெரிய ஆலைகளில் தெர்மல் கேமராவே கிடைக்கிறது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். எங்கள் தலைமுறைக்கு மோட்டார் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பதும், பேனல் ரூமுக்குள் நுழைந்ததும் கருகல் வாடை வருகிறதா என்று முகர்வதும்தான் வழி. ஆனால் கருவி 78 என்று மட்டும் காட்டும். அந்த 78 சரியா, ஆபத்தா என்று அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும். பஞ்சு பறக்கிற இடத்தில் வேலை செய்கிறோம். சூடேறிய ஒரு லக்கைக் கவனிக்காமல் விட்டால் சேதம் அந்தப் பேனலோடு நிற்காது. நைட் ஷிப்டில் ரிங் பிரேம் ஓட்டுகிற பெண்கள் நம்மை நம்பித்தான் அந்த ஹாலுக்குள் நிற்கிறார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. வெறும் எண்ணை எழுதாதீர்கள். லாக் புக்கில் "ஆர் பேஸ் லக் 62" என்று எழுதி வைத்தால் அது யாருக்கும் உதவாது. அந்த நேரத்தில் எத்தனை ஆம்பியர் ஓடியது, அறையின் சூடு எவ்வளவு, அதே பேனலில் மற்ற இரண்டு பேஸும் எவ்வளவு காட்டின, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதெல்லாம் அதே வரியில் இருக்க வேண்டும். காரணம் எளிது. கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று ஜூல் 1841-லேயே எழுதிவிட்டார். ஆம்பியர் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. பாதி லோடில் ஓடும்போது ஒரு ஜாயிண்ட் அறைச் சூட்டைவிட 10 டிகிரி கூடுதலாக இருந்தால், முழு லோடில் 40 டிகிரி கூடுதலாக ஏறலாம். சூடு கூடக் கூடக் காற்று கொஞ்சம் வேகமாக வெப்பத்தை எடுத்துப் போகும் என்பதால் நடப்பில் 40-க்குச் சற்றுக் குறையலாம்; ஆனாலும் அந்தப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மெஷின்கள் நிற்கும்போது சுற்றிவந்து "எல்லாம் ஓகே" என்று எழுதுவது அதனால்தான் வீண் வேலை. குறைந்தது 40 சதவீத லோடாவது இருக்கும்போது பாருங்கள். முழு லோடு ஓடிச் சில மணி நேரம் ஆனபிறகு பார்த்தால் இன்னும் நல்லது.

2. பக்கத்துப் பேஸோடு ஒப்பிடுங்கள். ஒரே கான்டாக்டர், ஒரே லோடு, ஒரே காற்று. அதில் ஆர் 51, ஒய் 53, பி 71 என்றால் பி பேஸ் ஏதோ சொல்கிறது. அறை எத்தனை சூடாக இருந்தாலும் இந்த ஒப்பீடு பெரும்பாலும் உங்களை ஏமாற்றாது. மின்கருவிகளைப் பரிசோதிப்பவர்களின் அமெரிக்க அமைப்பான நெட்டா இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. ஒரே மாதிரி லோடு ஓடும் ஒரே மாதிரிப் பாகங்களுக்கு இடையே 1 முதல் 3 டிகிரி வித்தியாசம் என்றால் கோளாறு இருக்கக்கூடும், விசாரிக்க வேண்டும். 4 முதல் 15 வரை என்றால் அநேகமாகக் கோளாறுதான், வாய்ப்புக் கிடைத்ததும் சரிசெய்ய வேண்டும். 15-க்கு மேல் போனால் உடனே கவனிக்க வேண்டும். நம் ஆலைகளில் மூன்று டிகிரி வித்தியாசத்துக்கெல்லாம் யாரும் மெஷினை நிறுத்தித் தர மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதையும் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அது ஏழாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒப்பிடும் முன் டாங் டெஸ்டரைப் போட்டு மூன்று பேஸிலும் ஆம்பியரைப் பாருங்கள். பி பேஸில் மட்டும் கரண்ட் அதிகமாக ஓடினால் அதன் சூடும் அதிகமாகத்தான் இருக்கும். அப்போது கோளாறு லக்கில் இல்லை, லோடில் இருக்கிறது.

3. உயிரோடு இருக்கும் பேனலின் கதவைத் திறப்பது சூடு பார்ப்பதிலேயே ஆபத்தான வேலை. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. பஸ்பாரில் ஷார்ட் ஆனால் எழும் ஆர்க்கின் வெப்பம் சூரியனின் மேற்பரப்பையே மிஞ்சிவிடும். கண்ணிமைக்கும் முன் முகத்தில் அடிக்கும். தனியாகத் திறக்காதீர்கள், மெயினை ஆஃப் செய்யத் தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். முகக்கவசம், கையுறை, ஆர்க்கைத் தாங்கும் உடை இருந்தால் மட்டுமே திறங்கள். பாலியெஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் போட்டுக்கொண்டு பேனல் பக்கம் வராதீர்கள். மோதிரம், செயின், கைக்கடிகாரம் லாக்கரில் இருக்கட்டும். கதவைத் திறக்கும்போது நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். புதுப் பேனல் ஆர்டர் போடும் பேச்சு வந்தால் இன்ஃப்ராரெட் ஜன்னல் வைத்துத் தரச் சொல்லி மேலதிகாரியிடம் கேளுங்கள். கதவைத் திறக்காமலே கேமராவில் பார்க்கலாம். அதற்கு ஆகும் செலவு ஒருவருடைய கண்ணுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

4. பளபளப்பு உங்களை ஏமாற்றும். டெம்பரேச்சர் கன்னும் கேமராவும் சூட்டைத் தொட்டுப் பார்ப்பதில்லை. பொருள் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரைப் பார்த்துக் கணக்குப் போடுகின்றன. பெயின்ட் அடித்த தகடு, கறுப்பு இன்சுலேஷன், ரப்பர் இவையெல்லாம் கதிரை நன்றாக வெளிவிடும். துலக்கிய தாமிர பஸ்பார் அப்படியில்லை. நூற்றில் ஐந்து, பத்துப் பங்குதான் வெளிவிடும். மீதியாகத் தெரிவது சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பு. 90 டிகிரியில் இருக்கும் பளபளப்பான பாரைக் கருவி 40 என்று காட்டினால் ஆச்சரியமில்லை. உங்கள் உடம்புச் சூடே அதில் பட்டுத் திரும்பி வரும். ஷட்டவுனில் ஜாயிண்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு கறுப்பு பி.வி.சி. டேப்பை ஒட்டி வையுங்கள், அல்லது மேட் பெயின்டால் ஒரு பொட்டு வையுங்கள். கருவியில் எமிசிவிட்டியை 0.95 என்று வைத்து அந்தப் பொட்டையே எப்போதும் பாருங்கள். கண்ணாடி, அக்ரிலிக் மூடி வழியாகப் பார்த்தால் மூடியின் சூடுதான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது.

இன்னொன்று. கன்னிலிருந்து வரும் சிவப்புப் புள்ளி குறி பார்க்க மட்டும்தான். 12:1 என்று போட்டிருக்கும் கருவி 12 அடி தூரத்தில் ஓர் அடி வட்டத்தின் சராசரியைக் காட்டும். அந்த வட்டத்துக்குள் ஒரே ஒரு போல்ட் கொதித்துக்கொண்டிருந்தாலும் எண் சாதுவாகத்தான் வரும்.

5. சூடாக இருக்கும் இடத்தில்தான் காரணமும் இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

லூஸ் ஜாயிண்டிலிருந்து தொடங்குவோம். ஒரு லக்கும் பஸ்பாரும் சேரும் இடத்தில் இரண்டு உலோகமும் பரப்பு முழுவதிலும் தொட்டுக்கொள்வதில்லை. சில புள்ளிகளில்தான் தொடுகின்றன. பிடிப்புத் தளர்ந்தால் புள்ளிகள் குறையும், தடை கூடும், சூடு ஏறும். சூட்டில் ஆக்சைடு படியும், தடை இன்னும் கூடும். அலுமினியம் தாமிரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். ஒவ்வொரு நாளும் லோடு ஏறி இறங்க, அந்த விரிவும் சுருக்கமும் போல்ட்டின் பிடியை மெல்லத் தின்னும். ஆகவே அலுமினிய கேபிளைத் தாமிர பாரில் சேர்க்கும் இடத்தில் பைமெட்டாலிக் லக் வேண்டும், பிடியை விடாத ஸ்பிரிங் வாஷர் வேண்டும், டார்க் ரென்ச் வேண்டும். ஸ்பானரில் பைப்பை மாட்டி இழுத்து முறுக்குவது பலமல்ல. அலுமினியம் நசுங்கி வழிந்து, சில வாரத்தில் பழையபடி தளர்ந்துவிடும். ஏற்கெனவே கறுத்துப்போன லக்கை அப்படியே டைட் செய்துவிட்டு வராதீர்கள். கழற்றி, சுத்தம் செய்து, தேவையென்றால் வெட்டிப் புது லக் போடுங்கள். சரியான டார்க்கில் முறுக்கியதும் போல்ட்டிலிருந்து பார் வரைக்கும் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். போல்ட் நகர்ந்தால் கோடு உடைந்திருக்கும். கதவைத் திறந்த உடனே கண்ணில் படும்.

ஜாயிண்டே இல்லாத இடத்திலும் சூடு வரும். ஓர் ஆலையில் மெயின் பேனலின் அடித்தகடு, கேபிள் உள்ளே நுழையும் கிளாண்ட் பிளேட், பெயின்ட் கருகும் அளவுக்குக் கொதித்தது. அங்கிருந்தவர்கள் லக்கை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். லக்கில் ஒன்றுமில்லை. சிங்கிள் கோர் கேபிள்கள் மூன்றையும் இரும்புத் தகட்டில் தனித்தனி ஓட்டை வழியே விட்டிருந்தார்கள். ஒவ்வொரு கேபிளைச் சுற்றியும் எழும் காந்தப்புலம் இரும்புக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கித் தகட்டையே அடுப்பாக்கிவிட்டது. தகட்டை அலுமினியத்துக்கு மாற்றியதும் தணிந்தது. மூன்று பேஸும் ஒரே ஓட்டையில் சேர்ந்து போயிருந்தால் ஒன்றின் புலத்தை மற்றது அடித்துவிடும், இந்தத் தொல்லையே வந்திருக்காது.

நியூட்ரலையும் மறக்காதீர்கள். மூன்று பேஸும் சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்ட் இருக்காது என்று படித்திருப்பீர்கள். எல்.இ.டி. விளக்கு, கம்ப்யூட்டர், சிங்கிள் பேஸ் யு.பி.எஸ். இவற்றின் மூன்றாம் ஹார்மோனிக் மூன்று பேஸிலிருந்தும் ஒரே திசையில் வந்து நியூட்ரலில் கூடிவிடும். பேஸ் கரண்டைவிட நியூட்ரல் கரண்ட் அதிகமாகவே இருக்கலாம். லைட்டிங் பேனலில் நியூட்ரல் லிங்க் பழுப்பேறியிருந்தால் முதலில் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டரில் கரண்டை அளந்து பாருங்கள். சாதாரண மீட்டர் குறைத்துக் காட்டும்.

6. மோட்டாரில் கை வைக்க முடியவில்லை என்பது தீர்ப்பல்ல. 60 டிகிரியிலேயே கையை எடுத்துவிடுவோம். எஃப் கிளாஸ் இன்சுலேஷனுக்கு வைண்டிங்கின் உச்சவரம்பு 155. பி கிளாஸுக்கு 130, எச் கிளாஸுக்கு 180. நேம் பிளேட்டைப் படிக்காமல் மோட்டார் சூட்டைப் பற்றிப் பேசாதீர்கள். முழு லோடில் மோட்டார் அந்த வரம்புக்குள் நிற்கும் என்பது சுற்றுப்புறம் 40 டிகிரிக்கு மேல் போகாது என்ற கணக்கில்தான். கோடையில் காற்றோட்டமில்லாத மூலையில் இருக்கும் மோட்டாருக்கு அந்தக் கணக்கு உடையும்.

உடம்புச் சூடு வைண்டிங் சூடல்ல. வைண்டிங் சூட்டைத் துல்லியமாக அறிய ஒரு பழைய முறை இருக்கிறது, இன்றும் அதுதான் எனக்குப் பிடித்தது. குளிர்ந்திருக்கும்போது தடையை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓடியபின் நிறுத்தி, சப்ளையைத் துண்டித்துப் பூட்டி, தாமதிக்காமல் மறுபடி அளங்கள். தாமிரத்துக்கு, சூடான தடையைக் குளிர்ந்த தடையால் வகுத்து, குளிர்ந்த சூட்டோடு 235-ஐக் கூட்டிவரும் எண்ணால் பெருக்கி, 235-ஐக் கழித்தால் வைண்டிங்கின் சராசரிச் சூடு. 30 டிகிரியில் 1 ஓம் இருந்தது 1.3 ஓம் ஆகியிருந்தால் 265-ஐ 1.3-ஆல் பெருக்கி 235-ஐக் கழியுங்கள்: 109.5 டிகிரி. ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள். அதன்பிறகு மோட்டாரை வெளியிலிருந்து பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

பெரிய மோட்டாரில் பி.டி.100 சென்சார் இருக்கும். பூஜ்ஜியம் டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். ஒரு டிகிரிக்கு அரை ஓம்கூட இல்லை என்பதால் நீளமான ஒயரின் தடையே கணக்கைக் கெடுக்கும். மூன்று ஒயர் விட்டிருப்பது அதற்காகத்தான், ஒன்றை வெட்டி விடாதீர்கள். சிலவற்றில் பி.டி.சி. தெர்மிஸ்டர் இருக்கும், அது சூட்டை அளக்காது, வரம்பு தாண்டியதும் தடை திடீரென்று எகிறி ரிலேயை டிரிப் செய்யும். வைண்டிங்கை மெக்கர் போடும்போது தெர்மிஸ்டரின் இரண்டு முனைக்கும் நடுவே மெக்கர் வைக்காதீர்கள். அது போய்விடும்.

நம் ஆலைகளில் மோட்டார் சூடேற முதல் காரணம் பஞ்சு. ஃபேன் மூடியிலும் ரிப்களுக்கு நடுவிலும் பஞ்சுத்தூசி மெத்தைபோல் படிந்து காற்றை அடைத்துவிடும். அடுத்தது வோல்டேஜ் ஏற்றத்தாழ்வு: மூன்று பேஸுக்கு நடுவே 3.5 சதவீத வித்தியாசம் வந்தாலே மோட்டாரின் வெப்ப ஏற்றம் ஏறக்குறைய 25 சதவீதம் கூடும். டிரைவில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஓட்டினால் தண்டிலேயே மாட்டிய ஃபேனும் பாதி வேகத்தில்தான் சுற்றும். பேரிங் மட்டும் சூடாக இருந்தால் கிரீஸ் குறைவு என்று அடித்துக்கொண்டே போகாதீர்கள், அதிகமாக அடைத்த கிரீஸும் சூடேற்றும்.

இதோடு சேர்த்து ஒரு வேண்டுகோள். ஓவர்லோட் ரிலே அடிக்கடி டிரிப் ஆகிறதென்று டயலைத் திருகி ஏற்றிவைக்காதீர்கள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் வைண்டிங்கோடு சேர்ந்து வரும் ரிலேயை முழு லோடு ஆம்பியரின் 0.58 பங்கில் வைக்க வேண்டும். முழு ஆம்பியரில் வைத்தால் மோட்டார் எரியும்வரை அது அசையாது. உற்பத்தி நிற்கிறது என்று ஷிப்ட் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். போடட்டும். காயில் கட்டி வரும்வரை அந்த மெஷின் எத்தனை நாள் நிற்கும் என்று அமைதியாகச் சொல்லுங்கள்.

7. டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு மீட்டர் இருக்கும். ஒன்று மேல்மட்ட ஆயிலின் சூட்டைக் காட்டும். இன்னொன்றில் வைண்டிங் என்று எழுதியிருக்கும், ஆனால் அது வைண்டிங்கைத் தொடுவதேயில்லை. ஆயிலில் இருக்கும் பல்போடு ஒரு சிறு ஹீட்டரைச் சேர்த்து, அதற்கு சி.டி. வழியாக லோடுக்கேற்ற கரண்டைக் கொடுத்து, வைண்டிங் எவ்வளவு சூடாக இருக்கும் என்று போலியாகக் காட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த சி.டி. ஒயர் கழன்றால் மீட்டர் ஆயில் சூட்டையே வைண்டிங் சூடு என்று சொல்லும். நல்ல லோடில் இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நின்றால் சந்தேகப்படுங்கள். பல்ப் இருக்கும் பாக்கெட்டில் ஆயில் வற்றிவிட்டாலும் குறைத்துத்தான் காட்டும்.

சிவப்பு முள் இதுவரை எட்டிய உச்சத்தில் அப்படியே நிற்கும். அதைப் படித்து எழுதியபிறகு மட்டும் திருப்பி விடுங்கள். எழுதாமல் திருப்புவது, நள்ளிரவில் என்ன நடந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை அழிப்பது.

இந்தக் கவனம் ஏன் வேண்டும் என்றால், இன்சுலேஷன் ஒரே நாளில் சாவதில்லை. டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷனை வைத்து மான்ட்சிங்கர் என்ற பொறியாளர் 1930-இல் சொன்னது இன்றும் நிற்கிறது: சூடு ஏறக்குறைய 8 முதல் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். ஆயிலில் ஊறிய சாதாரணக் காகிதத்துக்கு இன்றைய ஐ.இ.சி. கணக்கு இன்னும் கறாரானது. அதிகச் சூடான புள்ளி 98 டிகிரியைத் தாண்டியபின் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் மூப்பு இரட்டிப்பாகும்.

8. குளிர்ந்திருப்பதையும் கவனியுங்கள். ரேடியேட்டர்களில் ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அதன் வால்வு மூடியிருக்கலாம், ஆயில் மட்டம் இறங்கியிருக்கலாம். கெப்பாசிட்டர் வரிசையில் ஒன்று குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. மூன்று ஃபியூஸில் ஒன்று குளிர்ந்திருந்தால் உங்களுக்கே புரியும்.

9. பேனலுக்குள் இருக்கும் காற்றின் சூட்டையும் அளங்கள். எம்.சி.பி. 30 டிகிரியை வைத்து அளவிடப்பட்டது. பேனலுக்குள் 55 இருந்தால் எழுதியிருக்கும் ஆம்பியருக்கு முன்பே விழும். "எம்.சி.பி. வீக்" என்று பெரியதாக மாற்றிவிடாதீர்கள், பின்னால் இருக்கும் கேபிள் அந்தப் பெரிய ஆம்பியருக்கானதல்ல. பி.வி.சி. கேபிள் தொடர்ந்து தாங்குவது 70 டிகிரி, எக்ஸ்.எல்.பி.இ. என்றால் 90. டிரைவ் பேனலின் ஃபில்டரைக் கழற்றி ஊதுவது சின்ன வேலையாகத் தெரியும், ஆனால் டிரைவுக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுளும் 10 டிகிரிக்குப் பாதியாகும் கணக்கில்தான் கரைகிறது.

10. சரிசெய்ததோடு வேலை முடியவில்லை. லக்கை மாற்றிவிட்டு "சரிசெய்யப்பட்டது" என்று கையெழுத்துப் போடாதீர்கள். மெஷின் மறுபடி அதே லோடுக்கு வந்து சில மணி நேரம் ஓடட்டும். அதே கருவி, அதே பொட்டு, அதே தூரம். ஆம்பியரையும் அறைச் சூட்டையும் பக்கத்துப் பேஸையும் எழுதுங்கள். முந்தைய எண்ணுக்குப் பக்கத்திலேயே இந்த எண்ணும் இருக்க வேண்டும். அதுவரை அந்த வரியைச் சிவப்பு மையில் திறந்தே வைத்திருங்கள், ஷிப்ட் மாறும்போது அடுத்து வருகிறவரிடம் வாயாலும் சொல்லிவிட்டுப் போங்கள். மார்ச் பிறந்ததும், வெயில் ஏறும் முன்பே, சென்ற ஆண்டு ஏப்ரல் மே மாதப் பக்கங்களைப் புரட்டுங்கள். எந்த ஜாயிண்ட் அப்போது 12 டிகிரி வித்தியாசத்தில் நின்றதோ, இந்த ஆண்டின் முதல் ஷட்டவுனில் அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.